கடைசியில் ஒரு விரலாவது

1

இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்ததல்ல. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் ஜவஹர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வருகிறது; தொழிலாளர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்கவேண்டும். புத்தகத்துக்குப் பெயரும் அவரே வைத்திருந்தார்: ‘பணியிடத்தில் பாதுகாப்பு உணர்வை உருவாக்கும் காரணிகள்’. கேட்டதும் எனக்குக் கொட்டாவி வந்தது. அவருக்கும் வந்திருக்கும், இல்லாவிட்டால் என்னைத் தேடி அடையாறு வரை ஸ்கூட்டரில் வருவானேன்?

“கட்டுரைன்னா ஒருத்தனும் படிக்கமாட்டான் சார். கதையா குடுங்க. ஆனா கடைசில ஒரு விரலாவது போகணும். அப்பத்தான் மனசுல நிக்கும்.”

யாருடைய விரல் என்று கேட்டேன். அது உங்கள் இஷ்டம் என்றார். தாராள மனசு.

2

முதல் தொடக்கம்: ‘திடீரென்று ஓர் அலறல். எல்லோரும் ஓடிவந்து பார்த்தபோது, இயந்திரத்தின் மேல்—’

(இதற்கு மேல் எழுதினால் மாலைப் பத்திரிகை ஆகிவிடும். விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘பாதுகாப்பு உணர்வை ஐந்து காரணிகள் உருவாக்குகின்றன. அவையாவன: பயிற்சி, மேலாளரின் அக்கறை, சக ஊழியர்களின் பழக்கம், இயந்திரத்தின் நிலை,’

(ஐந்தாவது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஜவஹருக்கு போன் செய்து கேட்டேன். அவர் கையேட்டைப் புரட்டிவிட்டு, அதிலும் நான்குதான் இருக்கிறது என்றார்.)

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. மயிலாப்பூரில், கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், இந்தப் புத்தகத்தை அச்சடிக்க ஒப்புக்கொண்ட வேதாந்தத்தின் அச்சகத்துக்குப் போயிருந்தபோது அது கண்ணில் பட்டது.

3

சொர்ணத்துக்குக் கத்தியைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் கட்டிங் மெஷினுக்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவாள். அச்சாகி வரும் தாள்களை மடிப்பது அவள் வேலை. மடித்ததை வெட்டுவது அவள் கணவன் கதிரேசன் வேலை.* இருவரும் சைதாப்பேட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டிபன் காரியரில் சாப்பிடுவார்கள். கத்தி இறங்கும் ஒவ்வொரு தடவையும் சொர்ணத்தின் கை மடிப்பின் பாதியில் நிற்கும். அடுத்து கதிரேசன் காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கும் சத்தம் வரவேண்டும். வந்ததும் மிச்சப் பாதியை மடிப்பாள். இது அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம். வெளியிலிருந்து வந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்தது.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால், கத்திக்கு அடியில் கை இருக்க வழியில்லை. யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்தது.

கதிரேசன் இடது பொத்தானை ஓர் அட்டைத் துண்டால் அமுக்கி, மேலே பைண்டிங் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். அவன் இடக்கை கத்தியின் அருகே காகிதத்தின்மேல் இருந்தது. வெட்டிக்கொண்டிருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அடுத்த கட்டாக மூலையில் காத்திருந்தது ஏதோ ஒரு கம்பெனியின் ‘விழிப்போடு இரு, விபத்தைத் தவிர்’ சுவரொட்டி. நான் சிரித்துவிட்டேன். சொர்ணம் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

* ஒரே பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்குவார்கள். ஓரங்களை வெட்டும்வரை பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவன் அசடா? அசட்டையா? இரண்டில் ஒன்றாக இருந்தால் கதை சுலபம். அவனிடமே கேட்டேன்.

“தெரியாமலா சார் கட்டிவெச்சிக்கிறேன்? மெஷின் வந்த அன்னிக்கே மெக்கானிக் எல்லாம் சொல்லிட்டாரு. ஆனா மேலேர்ந்து பேப்பர அமுக்குது பாருங்க பலகை, அது இந்தப் பக்கம் தேஞ்சி கீது. கத்தி எறங்கசொல்ல பேப்பரு நவுந்துக்கினே கீது. கைய வெச்சி அமுக்கலன்னா கோணலாத்தான் வெட்டும். இன்னா பண்ண சொல்றீங்க?”

வேதாந்தத்தைக் கேட்டேன். அவர் கெட்டவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

“நான் சொல்லிண்டேதான் இருக்கேன். போர்டுகூட எழுதி மாட்டியிருக்கேன், பாருங்கோ. கேக்கமாட்டேங்கறான்.” போர்டைத் தேடினேன். அதன்மேல் மூன்று காலண்டர்கள் தொங்கின.

பலகையை மாற்றக்கூடாதா என்றேன்.

“மாத்தணும்தான். முகூர்த்த சீசன் முடியட்டும். இப்போ மெஷினைப் பிரிச்சா வேலை நின்னுடும். ஆத்துல கல்யாணத்தை வெச்சுண்டு வந்து நிக்கறவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதுவும் கதிரேசன் வெட்டினா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்னு அவனுக்காகவே வரா.”

ஜவஹரின் நான்கு காரணிகளும் இந்த ஒரே அறையில் இருந்தன. பயிற்சி உண்டு. மேலாளரின் அக்கறை உண்டு, காலண்டருக்குப் பின்னால். சக ஊழியர்களின் பழக்கம் என்றால், கட்டிய பொத்தானைப் பார்த்துப் பார்த்து யாருக்கும் அது கண்ணில் படுவதே இல்லை. இயந்திரத்தின் நிலையைச் சொல்லியாயிற்று. ஐந்தாவது, பாராட்டாக இருக்குமோ? (இதைக் கட்டுரையாக வளர்க்கலாம். ஜவஹர் வேண்டாம் என்றிருக்கிறார்.)

5

வீட்டுக்கு வந்து, கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். நாயகன் பெயரை வேம்பு என்று மாற்றினேன். வேம்பு பொத்தானைக் கட்டுகிறான். கத்தி இறங்குகிறது. ‘அவன் மனைவி கதறிக்கொண்டு ஓடிவந்தாள்.’ ஒரு விரல் போதும் என்றுதான் நினைத்தேன். எழுதும் வேகத்தில் இரண்டு போய்விட்டது.

பக்க வரிசை சரியா என்று பார்ப்பதற்கு அச்சகத்தில் ஒரு தாளை மட்டும் முதலில் அடித்து மடித்துக் காட்டுவார்கள். மடித்தவள் சொர்ணம். எட்டாவது வரை படித்தவள், படித்துவிட்டாள். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள்.

“யாரு சார் இந்த வேம்பு?”

“கற்பனைம்மா.”

“அவன் பொண்டாட்டி ஓடியாந்தான்னு போட்டுக்கிறீங்களே, எங்கேர்ந்து ஓடியாந்தா? எங்க குந்திக்கினு இருந்தா? பேரு இன்னா? ஒண்ணுமே இல்ல. கத்துறதுக்கு மட்டும் இட்டாந்தீங்களா?”

விமர்சகர்கள் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

“இத்த நான் மடிக்கமாட்டேன் சார். வேற ஆளு வெச்சி மடிச்சுக்கோங்க. நானே வாயத் தொறந்து சொன்னதில்ல. பஸ்ல, வூட்ல, ஒரு எடத்துல சொன்னதில்ல. சொன்னா நடந்துடுமோன்னு பயந்து பயந்து குந்திக்கினு கீறேன். நீங்க இன்னாடான்னா அச்சே அடிச்சிட்டீங்க.”

“வேறு என்ன எழுதட்டும்?”

“துணிய அவுத்துட்டான்னு எழுதுங்க.”

“அவிழ்க்கவில்லையேம்மா. பொய்யாகிவிடுமே.”

“வெரலும்தான் போகல. அத்த மட்டும் எழுதினீங்க?”

6

இதற்குள் மெஷின் சத்தம் நின்றிருந்தது. கதிரேசன் வந்து, “இன்னாமே சண்ட?” என்றான். அவள் மடித்த தாளின் இடுக்கில் விரலை விட்டு விரித்து, அந்தப் பக்கத்தை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். குரல் உடையவில்லை, ரேஷன் கார்டில் பெயர் வாசிப்பதுபோல வாசித்தாள். தன் பயத்தை அவள் அவன் காதுபடச் சொன்னது அதுதான் முதல்தடவை, அதுவும் என் வாக்கியங்களில். அவை எவ்வளவு மட்டமான வாக்கியங்கள் என்பது எனக்கு அப்போது கேட்டது.

கதிரேசன் முதலில் சிரித்தான். “ரெண்டு வெரலா? கஞ்சத்தனமே இல்ல சார் உங்களுக்கு.” பிறகு போய், துணியை அவிழ்த்து அட்டையை எடுத்தான். இரண்டு பொத்தான்மேலும் இரண்டு கைகளை வைத்து அமுக்கினான். கத்தி இறங்கியது.

தேய்ந்த பக்கத்தில் காகிதம் நகர்ந்துவிட்டது. ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் அப்பா பெயர் பாதியோடு போயிற்று.

வேதாந்தம் ஓடிவந்தார். “என்னடா இது? நாளன்னிக்குக் குடுத்தாகணும்டா! யார் கேட்டா இதை?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதிரேசன் பொத்தானை மறுபடி கட்டினான். புதுக் கட்டை வைத்தான். இடக்கை பழக்கப்படி காகிதத்துக்குப் போனது, பாதியில் நின்றது, திரும்பி வந்தது. மறுபடி போனது. அதைச் சொர்ணம் பார்த்தாள். ஆமாம், அன்று அவள் மெஷினைப் பார்த்துத்தான் நின்றிருந்தாள்.

“மாமா, வாணாம்,” என்றாள்.

அவன் மெஷினை நிறுத்தினான். “இத்தினி நாளு கை எங்க கீதுன்னே எனுக்குத் தெரியாது சார். இப்ப அது ஒண்ணுதான் தெரியுது. கட்டிக்கினு வெட்ட பயமா கீது. அவுத்துட்டு வெட்ட வர்ல. உங்க பொஸ்தகத்த நான் வெட்டல சார், கோச்சிக்காதீங்க.”

ஜவஹர் தேடிய பாதுகாப்பு உணர்வு ஒரு மனிதனுக்குள் வருவதை நான் கண்ணால் பார்த்தேன். சுவரொட்டியில் இருப்பதுபோல் அது புன்னகைக்கவில்லை. பயந்த கை அந்தக் கத்திக்கு அருகில் போனால் முன்பைவிட ஆபத்து. அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது என் கதை. பலகை தேய்ந்தது தேய்ந்தபடியே இருந்தது.

வேதாந்தம் எழுந்துபோய் டெலிபோனைச் சுழற்றினார்.

7

யாருக்கு என்று நான் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு கிடைத்திருக்கும்.

மெக்கானிக்குக்கு என்றால், மெஷின் நிற்கும், பலகை மாறும், சொர்ணம் ஒரு மடிப்பை நடுவில் நிறுத்தாமல் மடிப்பாள். திருவல்லிக்கேணியில் இன்னொரு கட்டிங்காரருக்கு என்றால், கதிரேசன் நாளை வரவேண்டியதில்லை. அந்த இன்னொருவரின் மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கு என்றால், இரண்டு நாள் தவணை. கதிரேசன் அதே துணியோடு, பாதியில் நிற்கும் கையோடு—

(இதை முடிக்கமாட்டேன். சொர்ணம் மடிக்கவேண்டும்.)

பழைய கதையைக் கிழித்துவிட்டு இதுவரை நீங்கள் படித்ததை எழுதி, ஜவஹரிடம் காட்டினேன். “விரலே போகலையே சார்!” என்றார். புத்தகத்தை வெட்டாமல், மடித்தபடியேதான் தரமுடியும் என்றும் சொன்னேன். முகம் சுளித்தார். பாதுகாப்பு வாரம் நெருங்கிவிட்டதால் ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் பிரதியை ஜவஹரே அச்சகத்துக்குக் கொண்டுபோனார்; சொர்ணம் அதைப் படித்துவிட்டு, “இத்த மடிக்கிறேன்,” என்றாளாம்.

ஆகவே இந்தப் பக்கம் ஒட்டியிருந்த பக்கங்களுக்குள் இருந்தது. இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்களே பிரித்திருக்கிறீர்கள். கத்தியோ, பிளேடோ, லேத்தின் பக்கத்தில் கிடந்த தகடோ, கைக்கு எது அகப்பட்டதோ எனக்குத் தெரியாது. முடிவு என்ன என்று பார்க்கும் அவசரத்தில் கொஞ்சம் வேகமாகவே இழுத்திருப்பீர்கள். முடிவு என்னிடம் இல்லை. கேள்விதான் இருக்கிறது.

அப்போது உங்கள் இன்னொரு கை எங்கே இருந்தது?