பிளக் பிடுங்கும் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அவரோடு பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. நாங்கள் மூவரும் சேர்ந்து நடத்துவது ஒரு சின்ன ரத்த வங்கி. அக்கா ரத்தம் எடுப்பாள். நான் சோதனை செய்வேன், கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. அத்தான் போன் பேசுவார். லேசில் கிடைக்காத வகை ரத்தம் யார் உடம்பில் ஓடுகிறது, அவர்களை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்ற விவரமெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்றால், "அப்புறம் பாக்கலாம்" என்பார்.

எப்போதோ ஒரு முறை ஒயர் கருகிவிட்டதாம். அன்றிலிருந்து கதவைப் பூட்டும் முன் மேசைக்குக் கீழே குனிந்து, தன் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ரத்தப் பை இருக்கும் ஃபிரிட்ஜை விட்டுவைத்தாரே, அந்த மட்டும் புண்ணியம்.

எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் நான் ஓர் அப்டேட் சேவையில் பதிந்து வைத்திருந்தேன். மென்பொருளில் எங்காவது ஓட்டை தெரிந்தால், அதை அடைக்கும் அப்டேட் இணையம் வழியாகத் தானே வந்து, வேலை முடிந்தபின் ஏறிக்கொள்ளும். எதில் ஏறியது, எதில் ஏறவில்லை என்று என் போனில் தெரியும். மற்றதெல்லாம் பச்சை. அத்தானுடையது மட்டும் எப்போதும் சிவப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எங்கே ஏறும்? பகலில் திரையில் கேட்டாலும் 'பிறகு' பொத்தானை அமுக்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியம் சேவையிலிருந்து அவசரச் செய்தி வந்தது. பில் மாதிரி ஒரு மெயில் வருகிறது, திறந்தால் கோப்புகளையெல்லாம் பூட்டிவிடுகிறது, தடுக்கும் அப்டேட்டை உடனே ஏற்றுங்கள் என்று. நேராகப் போய் அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கினேன்.

"ஏம்மா, போன் மேல போன் வருது, இப்பத்தானா உனக்கு?"

"இப்பத்தான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகுற நேரம் ஆகும்."

திரையில் கோடு நத்தையாக நகர்ந்தது. பாதியில் நின்றுபோனது போலத் தெரிந்ததும் அத்தான் பொறுமையிழந்து மேசைக்குக் கீழே குனியப் போனார். அதற்குள் அக்கா ஒரு நாற்காலியை இழுத்து, பிளக்கை மறைத்துப் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நகருடி."

"முடியாது. இத்தனை வருஷமா நீங்க பிடுங்கினது போதும்."

அத்தானின் முகம் தொங்கிப்போனது. பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக என் போனில் அந்தச் சிவப்பு பச்சையானபோது நான் சத்தமாகவே கைதட்டினேன்.

மறுநாள் காலை மாடியில் ஒரே களேபரம். அங்கே இருக்கும் ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் எல்லாத் திரைகளும் பூட்டிக்கிடந்தன. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். நான் பதறியடித்து எங்கள் அறைக்குள் வந்தால், அத்தான் வெளிறிப்போய் நிற்கிறார்.

"நானும் ஒரு பில்லைத் திறந்துட்டேன்மா."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பிரசவ ஆஸ்பத்திரி. சாயங்காலம் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன், அரிய வகை ரத்தம் வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜில் அது இல்லை. கொடுக்கக்கூடியவரின் எண் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

திரையை என் பக்கம் திருப்பினேன். 'ஆபத்தான கோப்பு தடுக்கப்பட்டது' என்றிருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் விவரங்களைத் திறந்தேன். ஒவ்வொரு பெயரும் இருந்த இடத்தில் இருந்தது.

"இருக்கு அத்தான்! எல்லாம் அப்படியே இருக்கு!"

நான் போட்ட கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அத்தான் உடனே எண்களை அழுத்தினார். ஒரு பஸ் டிரைவர் சீருடையோடே வந்து கையை நீட்டினார். அக்கா ரத்தம் எடுத்தாள், நான் சோதித்து முடித்தேன், பையை யாரிடமும் கொடுக்காமல் அத்தானே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் வாசலிலிருந்தே கூவினார். "பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிளம்பும் நேரம் அத்தான் விளக்குகளை அணைத்தார். பிறகு வழக்கம்போல மேசைக்குக் கீழே குனிந்தார். எனக்குப் பகீரென்றது.

"திரும்பவுமா?" என்றாள் அக்கா.

"சும்மா இருடி. கொஞ்சம் லூசா இருந்துச்சு, அழுத்திச் சொருகிட்டு வர்றேன்."