பேருக்குக் குறுக்கே இரண்டு கோடு

சீனிச்சாமிக்கு வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான்: 'தெரியாது'. கண்டித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலேறிப் போடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ரூபாய்க்கு நூறு சதம். இங்கே பதினாறு அணா. கடையில் கொடுக்கிற மீதிச் சில்லறை சரியா தப்பா என்று புரியாமல், எண்ணுவதுபோல் பாவனை செய்து மடியில் போட்டுக்கொண்டு மிடுக்காக நடந்துவிடுவான். ஏமாந்தாலும் பரவாயில்லை, இளப்பமாகிவிடக் கூடாது.

போடிமெட்டுக்கு மேலே, சத்தியநேசனின் ஏலத்தோட்டத்தில் அவன் கங்காணி. கூலிப் பணத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, சத்தியநேசனே அவனைப் போடிக்கு வரவழைத்து, பாங்கில் கணக்குத் திறந்து கொடுத்தார். செக்கு என்றால் என்ன என்று பாங்குக் குமாஸ்தா சொல்ல வாயெடுத்தார்.

"அதெல்லாம் கண்டியில பாக்காததா? தெரியும் சாமி" என்றான் சீனிச்சாமி.

கண்டியில் அவன் பாங்கு வாசலை மிதித்ததுகூட இல்லை.

தை மாதம் காயெடுப்பு முடிந்ததும், கங்காணிக்குச் சேர வேண்டிய போனஸை சத்தியநேசன் செக்காக எழுதி ஜீப்பு டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். தமிழில் அழகாக அவன் பெயர். அந்தப் பெயருக்குக் குறுக்கே சாய்வாக இரண்டு கோடு.

கண்டியில் ஒருவனை வேலையை விட்டு நீக்கினால், ஆள் பட்டியலில் அவன் பெயருக்குக் குறுக்கே துரை கோடு போடுவார். பேர் வெட்டுவது என்பார்கள். பேர் வெட்டுப்பட்டவன் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டும். துரையை எதிர்த்துப் பேசி, அப்படி வெட்டுப்பட்டுத்தான் சீனிச்சாமி கப்பலேறினான்.

"பேச்சி, இங்கயும் பேர வெட்டிட்டாங்க. சட்டிபானையக் கட்டு."

அவன் மனைவி பேச்சி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் கண்டித் தோட்டத்துக்காரிதான். வளர்த்த கோழிகளைப் பக்கத்து வீட்டு மருதாயியிடம் இனாமாகக் கொடுத்துவிட்டு, மூட்டைகளோடு அதே ஜீப்பில் ஏறினாள்.

போடியில் பஸ் நிற்கிற இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, சீனிச்சாமி நேராக முதலாளியின் ஏலக்காய்க் கடைக்குப் போனான். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் தரகர்களும் பார்த்திருக்க, செக்கை நாலாகக் கிழித்து மேசையில் போட்டான்.

"வெள்ளக்காரனாச்சும் மூஞ்சிக்கு நேரா வெட்டுனான். நீங்க ஆள் கையில காயிதம் குடுத்துவிட்டு வெட்டுறீங்க. சர்ச்சுக்குப் போற மனுசன்னு நம்புனேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

சத்தியநேசன் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இந்தக் கோட்டையா சொல்ற?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதப் போட்டா காசு உன் கணக்குலதான் விழும் அப்பு. வழியில தொலைஞ்சாலும் வேற எவனும் வாங்க முடியாது. டிரைவர்கிட்ட குடுத்துவிடுறமேன்னு போட்டேன். நீதான் எல்லாம் தெரியும்னியே."

பெண்களில் ஒருத்தி சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தியநேசன் சிரிக்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட சீனிச்சாமி தாங்கியிருப்பான். அவரோ வேறொரு செக்கு எழுதி, அதேபோல் இரண்டு கோடு போட்டு நீட்டினார்.

"வெரசா போ. பாங்கு சாத்திருவாங்க."

மன்னிப்புக் கேட்க நினைத்தான். கேட்காமலே செக்கை வாங்கிக்கொண்டு வெளியேறினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவில் எதிரே வந்த யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

பேச்சி ஒரு கை மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"என்ன சொல்றாரு? நம்ம வயித்துல அடிச்சவரு வாசல்ல இத வாரித் தூத்திட்டுத்தான் நான் பஸ்சு ஏறுவேன்."

'தப்புன்னு ஒத்துக்கிட்டாரு, திரும்ப வரச் சொல்லிட்டாரு' என்று ஒரு பொய் நுனிநாக்குவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் நம்புவாள். அந்த நல்ல மனுஷனை ஆயுசுக்கும் சபித்துக்கொண்டிருப்பாள். சீனிச்சாமி அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.

"அத எந் தலையில போடு. அது வெட்டுன கோடு இல்ல. எனக்குத் தெரியாது பேச்சி. பாங்கும் தெரியாது, செக்கும் தெரியாது, இந்த ஊரு சில்லறகூடத் தெரியாது."

நடந்ததையெல்லாம் சொன்னான். பேச்சி விரல்களைப் பிரித்து மண்ணைக் கீழே விட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இத அன்னைக்கே அந்தக் குமாஸ்தாகிட்டச் சொல்லியிருந்தா, எங் கோழியாவது மிஞ்சியிருக்கும்ல."