பச்சைக் கதவு வீட்டுக்கு வந்தவர்கள்

ஒட்டுக்காரர் குப்பையில் கண்டெடுத்த ஒரு பொருளைப் பலகையில் ஒட்டினால், பசை காய்வதற்குள் அதைத் தூக்கிப் போட்டவர் வாசலில் வந்து நிற்பார். முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். குப்பையில் கிடந்த நசுங்கிய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைத் தாழ்ப்பாளுக்கும் குடைக்கம்பிக்கும் நடுவில் ஒட்டிய அன்று, வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். "ஏன் வந்தேன்னு தெரியல சார், கால் தானா வந்துடுச்சு" என்றார். சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்தவர்களும் அப்படித்தான். யாரும் இரண்டாம் முறை வரவில்லை, எதையும் திருப்பிக் கேட்கவுமில்லை. தெருவுக்குப் பழகிவிட்டது. திருதிருவென்று முழித்தபடி யாராவது நடந்துவந்தால், "நேரா போங்க, பச்சைக் கதவு" என்று கை காட்டினார்கள்.

பல்பு தொழிற்சாலையில் வேலை போன பிறகுதான் அவர் இந்தக் கலைக்கு வந்தார். மற்றவர்கள் களிமண்ணைப் பிசைந்தார்கள். இவர் குப்பையைக் கிளறினார். முதல் கண்காட்சியில் விமர்சகர்களைவிட, ஏன் வந்தோம் என்று தெரியாதவர்களின் கூட்டம்தான் அதிகம். மறுநாள் பத்திரிகைகள் அவரை மக்கள் கலைஞர் என்று எழுதின. பேர் வந்தது, விருது வந்தது, விருது வந்த அட்டைப்பெட்டியும் ஒரு பலகையில் ஏறியது. வீட்டுக்குள் மின்விசிறி இறக்கையும் குக்கர் கைப்பிடியும் கழுத்தளவு உயர்ந்தன. மனைவி தையல்காரி. மெஷினைப் போட இடமில்லாமல் போனபோது அவள், "ஊர்ல எல்லாரும் போட்டதை வெச்சிருக்கீங்க, என்னை வைக்கத்தான் எடமில்ல" என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தங்கை ஊருக்கு மெஷினோடு கிளம்பினாள். அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். கையில் பசை இருந்தது.

அவளில்லாத வீட்டில் வருஷங்கள் போயின. தனக்காக ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு, அது ஆறுகிறவரை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வந்தால் போதும் என்றிருந்தது. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். ஆளை வரவழைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அவள் விட்டுப்போன சீப்பை ஒட்டினார், நூல்கண்டை ஒட்டினார். அவையெல்லாம் அவள் மறந்து விட்டுப்போனவை, எறிந்தவை அல்ல. யாரும் வரவில்லை. வெட்கத்தை விட்டுத் தங்கை வீட்டுக் குப்பைத்தொட்டியையும் போய்க் கிளறினார். துண்டுத்துணியைத் தலையணைக்குள் அடைத்து, பாதி உடைந்த பொத்தானையும் டப்பாவில் போட்டு வைக்கிறவளின் குப்பையில் என்ன இருக்கும்? வெறுங்கையோடு திரும்பும்போது பஸ்ஸில்தான் அது அவருக்கு உறைத்தது. அவள் தன் ஆயுளில் தூக்கிப் போட்டது ஒன்றே ஒன்றுதான். அது அவர்தான்.

ஆளுயரப் பலகை ஒன்றை ஹாலில் நிறுத்தினார். உள்ளங்காலில் பசையைத் தடவி அதன் அடித்தட்டில் ஏறி நின்று, சட்டையின் காலரையும் தோள் பக்கத்துத் துணியையும் பலகையோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். கதவு திறந்தே இருந்தது. முதலில் அண்ணன் வந்தார், சாப்பிட்ட கையைக் கழுவாமல். "என்னடா இது கோலம்?" என்றார், தோளைத் தொட்டார், போனார். வேலையை விட்டு அனுப்பிய மேனேஜர் வந்தார். கஷ்டகாலத்தில் கண்டும் காணாமல் போன நண்பன் வந்தான். எப்போதோ பெண் தருவதாகச் சொல்லிக் கைவிட்ட குடும்பம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியது. விருது கொடுத்தவரும் வந்தார். அதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. தன்னை யார் யார் தூக்கிப் போட்டார்கள் என்பது மனுஷனுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது. ஒவ்வொருவரும் தொட்டுவிட்டுப் போகும்போது அவருக்கு அழுகை முட்டியது. பசை காய்ந்துவிட்டது.

வாசலில் எட்டிப் பார்த்த தெருமுனை இஸ்திரிக்காரர், "எல்லாரும் வந்துட்டாங்க, அக்கா மட்டும் வரலையே சார்" என்று உச்சுக்கொட்டினார்.

"ஆமாப்பா, வரல" என்றார் ஒட்டுக்காரர். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே புரிந்தது. வாசலையே பார்த்தார். அவள் வரவில்லை. கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் கழட்டிவிடுப்பா. அவ என்னைத் தூக்கிப் போடல. நான்தான் போகணும்."

உள்ளங்கால் தோல் கொஞ்சம் பலகையோடு போயிற்று. செருப்பு போட முடியவில்லை. வெறுங்காலோடு நொண்டி நொண்டிப் போய் முதல் பஸ்ஸில் ஏறினார்.