வெள்ளிக்கிழமைக் குளிசை

புஷ்பவதி இருபத்தெட்டு வருடமாகத் திருகோணமலை மீன் மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவள். பாரையின் கண்ணைப் பார்த்தே அது எத்தனை மணிக்குக் கரையேறியது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய இரத்தம் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

இதயத்துடிப்பு தாளம் தப்பியிருந்தது. உள்ளே இரத்தம் கட்டிபட்டு மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இரத்தம் உறையாமலிருக்க கிளினிக்கில் தினமும் விழுங்க ஒரு குளிசை கொடுத்திருந்தார்கள். ஆனால் அதன்பின் செய்த மூன்று இரத்தப் பரிசோதனைகளிலும் குளிசை வேலை செய்த அடையாளமே இல்லை.

"அம்மா, குளிசையை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டார் டொக்டர் நஸ்ரியா.

"ஓம் மகள். வெள்ளிக்கிழமை தவறாமல் போடுவன்."

"வெள்ளி மட்டுமா?"

"அண்டைக்குத்தானே விரதம், கத்தி தொடுறேல்லை. மற்ற நாள் போட்டிட்டு மீன் செட்டை முள்ளு கையில குத்தினால் இரத்தம் நிக்காது. மீன்ர இரத்தமோ என்ர இரத்தமோ எண்டு சனம் கேக்குது."

கூட வந்த மகன் ரஜீவன் தலையில் கைவைத்தான். "இனி மார்க்கட் வேண்டாம். வீட்டில இருங்கோ."

"வீட்டில இருந்து சுவரையோ வெட்டுறது?"

டொக்டர் ஒரு படம் காட்டினார். இரத்தம் பெரும்பாலும் கட்டிபடுவது இதயத்தின் இடப்பக்கம், காதுமடல் போன்ற சிறு பையில். தொடையிலுள்ள இரத்த நாளத்தால் குழாய் விட்டு, குடைபோல விரியும் மூடியால் அதன் வாயை அடைக்கலாம். கொழும்பில் செய்வார்கள். ஆபத்தே இல்லையென்று சொல்ல ஏலாது.

"இந்த வயதில நெஞ்சுக்குள்ள மூடி தேவையே?" என்றான் ரஜீவன்.

"நெஞ்சு என்ர. நீ பேசாமல் இரு. மகள், போட்டால் குளிசையை விடலாமோ?"

"உடனே இல்லை. போடுற வரைக்கும், போட்டு மூண்டு மாசத்துக்கும், ஏழு நாளும் குளிசை. கத்தி தொடக்கூடாது. பிறகு சரியா அடைபட்டிருந்தால் நிப்பாட்டலாம்."

"ஒரு மாசம் எண்டு வையுங்கோவன்."

"அம்மா, இது மார்க்கட் இல்லை."

"ரெண்டு?"

"மூண்டு. ஒரு நாளும் குறையாது."

புஷ்பவதி அவரை உற்றுப் பார்த்தாள். சொன்ன சொல்லில் நிற்கத் தெரிந்த ஆட்களை அவளுக்குப் பிடிக்கும். "சரி. முடிஞ்சுது."

மூடி போட்டு வந்த மூன்றாவது வாரம், மார்க்கட்டில் தன் பழைய இடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். ரஜீவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அம்மா! டொக்டர் என்ன சொன்னவ?"

"கத்தியைத் தொடாதேங்கோ எண்டவ. மார்க்கட்டைத் தொடாதேங்கோ எண்டவவோ? காலமைக் குளிசையும் போட்டாச்சு." பலகையில் கிடந்த கத்தியைக் கண்ணால் காட்டினாள். "எடு. முதல்ல செட்டையைக் கழி."

மீன் வாங்க நின்ற வரிசை சிரித்தது. ரஜீவன் சட்டைக் கையை மடித்து, மீனைக் கொத்தத் தொடங்கினான்.

"மெதுவாடா! முன்னால நிக்கிற அக்கா கேட்டது கறிக்கு, இடிச்ச சம்பலுக்கில்லை."