இரவல் முதுகு

வைத்தியர் கொம்பையாவின் முன்னால் மேல்துண்டை எடுத்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்த காஜா முகைதீனுக்கு முதுகில் ஒரு வலியும் கிடையாது. வலி அவர் மனைவி மஹ்மூதா பீவிக்கு. அவள் ஆற்றுக்குத் தெற்கே மேலப்பாளையத்தில், வீட்டு உள்ளறையில் மூன்று நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்நிய ஆணின் கை அவள் முதுகில் படுவதாவது! பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி டாக்டர் இருந்தாள்தான். சித்திரை பிறந்ததுமே வெயிலுக்குப் பயந்து மலையேறிவிட்டாள். ஆகவே மனைவியின் வலியை இரவல் வாங்கிக்கொண்டு காஜா தச்சநல்லூர் வரை நடந்து வந்திருந்தார். கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தாறில் அவர் தெருவில் இது அதிசயமில்லை. பெண்களுக்கு இருமல் என்றால் ஆண்கள் போய் இருமிக் காட்டி மருந்து வாங்கி வந்தார்கள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைப் பிசகாமல் ஒப்பித்தார். எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இடது பாதம் மரத்துப்போகிறது. எறும்பு கடித்தாலும் தெரிவதில்லை.

கொம்பையா தலையை ஆட்டினார். "முதுகுத்தண்டுதான்வே ஆளு. அதுல இருந்து கெளம்புத நரம்புதான் வயித்துக்கும் காலுக்கும் மூச்சுக்கும் வேலை சொல்லுது. அத நேரா வச்சுக்கிட்டா உள்ள இருக்கது பூராவும் ஆயுசுக்கும் நேரா இருக்கும். எங்கன வலிக்கு?"

"இடுப்புல, அண்ணாச்சி."

"இடுப்புன்னா? எத்தனாவது எலும்பு?" ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே இறங்கினார். "இங்கனயா? இங்கனயா?"

காஜாவின் தறிக்கு வேண்டிய நூலையெல்லாம் பத்தொன்பது வருஷமாக இராட்டையில் சுற்றிக் கொடுத்தவள் மஹ்மூதாதான். நூல் இளகியிருந்தால் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துச் சத்தம் போடுவார். இராட்டையின் முன் குனிந்தே இருந்த அந்த முதுகில் எந்த இடம் நோகிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் "ஆ" என்றார்.

வைத்தியரின் கை நின்றது. "பொய் சொல்லுதீரு. வலிக்கவனுக்குச் சதை துள்ளும், உமக்குத் தூங்குது. ரெண்டு விரக்கடை மாத்தி அமுக்குனா கால் போயிரும்வே. யாருக்கு நோவு?"

"வீட்டுல," என்றார் காஜா, பாயைப் பார்த்துக்கொண்டு.

கொம்பையா திட்டவில்லை. கட்டைவிரலை எப்படி வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காஜாவின் முதுகிலேயே இரண்டு தடவை காட்டிக்கொடுத்தார். ஒரு குப்பி எண்ணெயும் தந்தார்.

"மொதல்ல காலத் தொட்டுப் பாரும். மரப்பு பாதத்தோட நின்னா நாப்பத்தோரு நாள்ல நடக்க வச்சிரலாம். முழங்காலத் தாண்டிட்டுன்னா எங்கனயும் அமுக்காதேயும். அது என் கையில இல்ல."

காஜா வீடு சேர்ந்தபோது லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுதுவிட்டு வந்து கதவைச் சாத்தினார். வைத்தியரிடம் மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டதும் மஹ்மூதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லா நடிக்கப் போனிய, போங்க!" என்று சொல்லிக்கொண்டே, அவர் பிடித்துப் புரட்ட, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் குப்புறப் படுத்தாள்.

காலைத்தான் முதலில் தொட்டிருக்க வேண்டும். தொடப் பயமாக இருந்தது. கழுத்தடியில் விரலை வைத்து, அழுத்தாமல், எண்ணிக்கொண்டு இறங்கினார். இத்தனை எலும்பா இவளுக்கு என்று இருந்தது.

"அங்கன இல்ல. இன்னும் கீழ. பைய… ஆ, அங்கனதான், அங்கனதான்!"

இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு ஓர் இடம். இவ்வளவுதானா என்று காஜாவுக்கு அழுகை வந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு, கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கால்மாட்டுக்கு நகர்ந்தார். இடது உள்ளங்காலைச் சுரண்டினார். கணுக்காலைத் திருகினார். கெண்டைக்காலைப் பிடித்துவிட்டார். அவள் பேசாமல் கிடந்தாள். முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் இறுக்கினார்.

"என்ன மச்சான், கைய எடுத்துட்டிய?" என்றாள் மஹ்மூதா, சிரிப்பு மாறாமல், சுவரைப் பார்த்தபடியே. "கால் பக்கம் எப்ப வரப் போறிய?"