பசை போடாத விரிப்பு

என் சம்பந்தியம்மாவைப் பார்த்தாலே எனக்கு உச்சந்தலை சுடும். கத்துகிறவளாக இருந்தால் பதிலுக்கு நாலு கத்து கத்திவிட்டுப் போகலாம். இவள் சிரிப்பாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அடுத்த வாரம் ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் இறங்குவார். அதுவரை என் மகளும் கைக்குழந்தையும் யார் வீட்டில் இருப்பது? பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இதில் கேள்வி என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனால் மகள் போனில், "ஞாயித்துக்கிழமை நீயும் அத்தையும் இங்க வாங்கம்மா, பேசி முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டாள். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் போட ஒரு விரிப்பு வேண்டும் என்றும் சொன்னாள். இதையே சம்பந்தியிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

நான் தையற்காரி. கடையில் மிஞ்சிய பருத்தித் துணிகளை வெந்நீரில் அலசி, நீள நீளமாகக் கிழித்து, பிசிர் உள்ளே போக மடித்து, சடை பின்னினேன். அந்தச் சடையை நடுவிலிருந்து சுருட்டிச் சுருட்டி, பக்கத்தோடு பக்கம் ஊசியால் இணைத்தால் வட்ட விரிப்பு. வளைவில் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். இழுத்துத் தைத்தால் விளிம்பு எழும்பிக்கொள்ளும். எனக்குத் தெரியாததா? ஆனால் ஊசியை எடுத்தாலே அவள் முகம் வந்து நின்றது, கை தானாக இறுக்கியது. ஈரம் தெளித்து மேலே மூட்டையை ஏற்றி வைத்தும் முழுசாகப் படியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனால், மகாராணி எனக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். தரையில் அவள் விரிப்பு.

மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, குழல் மாதிரி இருக்கும் ஊசியில் நூலைக் கோத்து, பின்பக்கமிருந்து குத்திக்கொண்டே போவது அவள் வித்தை. முன்பக்கம் நூல் குட்டிக் குட்டி வளையங்களாக நிற்கும். மஞ்சள் வாத்து ஒன்று, அதன் கீழே நீலத் தண்ணீர். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிந்தது.

"வாங்க சம்பந்தி. அட, நீங்களும் கொண்டாந்திருக்கீங்களா?"

என்னுடையதை விரித்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நடுவுல மட்டும் கொஞ்சம் குழியா இருக்கு. பரவால்ல, பாப்பா உருண்டு வெளிய போகமாட்டா."

மாப்பிள்ளை இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் எனக்குத் தெரியாதா என்ன?

"அம்மா, ஆரம்பிக்காத. இப்பத்தான் தூங்க வச்சேன்" என்றாள் மகள். இப்போதும் என்னைத்தான் அடக்குகிறாள், பாருங்கள்!

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் முடியும்? குனிந்து வாத்து விரிப்பின் மூலையைத் திருப்பினேன். விரிப்பு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். வளையங்களுக்கு முடிச்சே கிடையாது. பின்னால் பசை பூசினால்தான் உருவிவராமல் கெட்டியாக இருக்கும். தடவிப் பார்த்தேன், இவள் பசையே பூசவில்லை. மெல்லிய துணி ஒன்றை வைத்துத் தைத்து மூடியிருந்தாள். அகப்பட்டாளா!

"என்னங்க இது? பசை எங்க? மேலுக்கு மினுக்கிட்டு உள்ள ஏமாத்து வேலையா?"

"சம்பந்தி, அது வந்து..."

"இருங்க, எல்லாரும் பார்க்கட்டும். உங்க லட்சணம் இதுதான்."

வாத்தின் தலையில் ஒரு வளையத்தை நகத்தால் நெம்பி இழுத்தேன். நூல் சரசரவென்று வந்தது. இழுக்க இழுக்க இன்னும் வந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாத்துக்குத் தலை போயிற்று, கழுத்தும் பாதி போயிற்று.

"அம்மா!"

மகள் போட்ட சத்தத்தில் உள்ளே குழந்தை வீரிட்டது. மாப்பிள்ளை எழுந்து ஓடினார்.

"பார்த்தியாடி? இதுலயா என் பேத்தியப் போடுவ?"

சம்பந்தி சிரிக்கவில்லை. "பசை வாடை பாப்பாவுக்கு ஆகாதுங்க" என்றாள் மெதுவாக. "அதுக்காகத்தான் துணி வச்சுத் தைச்சேன். போன மாசம் இங்க வந்திருந்தப்ப பக்கத்து ரூம்ல வேற ஒரு விரிப்புக்குப் பசை பூசிக்கிட்டு இருந்தேன், பாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

மகளைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியா? எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா பாப்பா எப்படி இருக்கான்னா கேப்ப? அவங்க என்ன பண்ணித் தொலைச்சாங்கன்னுதான் கேப்ப. அத்தையே அன்னைக்கு அழுதுட்டு இருந்தாங்க. உன்னையும் எப்படிம்மா சமாளிப்பேன்?"

"நான் உன் நல்லதுக்குத்தானடி..."

"தெரியும்மா. ஆனா உன்கூட ஆறு மாசம் இருக்க எனக்குப் பயமா இருக்கு. நான் அத்தை வீட்டுக்கே போறேன்."

ஒன்பது மாதம் சுமந்து பெற்றவளைப் பார்த்துப் பயமாம். சம்பந்தி அப்போதாவது சிரிப்பாள், வாங்கு வாங்கென்று வாங்கலாம் என்று பார்த்தேன். பாவி, தலையைக் குனிந்து அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையைச் சம்பந்தி மடியில் வைத்தார்.

அழ மாட்டேன், இவள் எதிரிலா அழுவேன்? குனிந்து என் விரிப்பைச் சுருட்டினேன். மகள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பாடா, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"விரிப்பு இருக்கட்டும்மா" என்றாள். "நீ கிளம்பு."