பாதி வெள்ளையடித்த மாடி

வெயிலைத் திட்டுவதற்குப் பல்லக்காவிடம் எவரும் மறுக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. அவள் வேலை பல் செட் கட்டுவது. வாயில் எடுத்த அச்சு, பிளாஸ்டர் மாவில் வார்த்த கட்டியாக வந்து சேரும். அதன்மேல் ரோஸ் நிற மெழுகைப் பரப்பி, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிய கத்தியால் ஈறு தீட்ட வேண்டும். குளிர்காலத்தில் மெழுகு சொன்னபடி கேட்கும். கோடையில் காலையில் நேராக நின்ற முன்பல் மதியத்துக்குள் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருக்கும். “நானே நிமிர்ந்து நிக்க முடியல, பல்லு எங்க நிக்கும்?” என்பாள். பட்டறையில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள்.

பல்லக்கா என்று முதலில் கூப்பிட்டது அவள் கணவர். உன்னைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் விட எனக்கு வக்கில்லை, பெயரிலாவது ஏறிக்கொள் என்று கல்யாணமான புதிதில் சொன்ன கேலி அது. தெருப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தபால்காரர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

வெயில் பிடிக்காததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு பகுதி. கீழே கணவரின் அக்கா, தனி ஆள். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லக்கா அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மேலே இவளும் கணவரும். அதற்கு மேல் மொட்டை மாடி. கோடையில் மேல்தளத்து அறைக்குள் நுழைந்தால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வாய்க்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மாடித் தரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் சூடு பாதியாகும் என்று யாரோ சொல்ல, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர், இந்த வருஷம் அடித்துவிடுகிறேன் என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாலு கோடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அவள் வாய் சும்மா இருக்கவில்லை. ஊர் பஸ்ஸுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கத் தெரிகிறது, பெண்டாட்டி வெந்து சாவது தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் கடை திறந்ததும் இரண்டு டின்னும் ஒரு பிரஷும் வாங்கிக்கொண்டு, அவள் போட்டுவைத்த காபியைத் தொடாமல் மாடிக்குப் போனார். வெயில் தாழ்ந்து போகக் கூடாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ரோஷம் விடவில்லை.

ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுத்தாள். தலைக்கு மேல் பிரஷ் சரக், சரக்கென்று தேய்வது கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றரை இருக்கும். “இங்க கொஞ்சம் வா” என்று அவர் குரல் கேட்டது.

செய்த வேலையைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் இறங்கி வந்து குடிக்கட்டும், கால் இருக்கிறதே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே வார்த்தை இன்னொரு தரம், சுருதி இறங்கி வந்தது. அதற்கப்புறம் பிரஷ் சத்தமும் இல்லை. அப்பாடா, ஓய்ந்தார் என்று கண்ணை மூடினாள்.

ஒன்றரை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஏன் இன்னும் யாரும் இறங்கி வரவில்லை என்று பார்க்க வந்த அண்ணிதான் மாடிக்குப் போனார்.

வெயில் தாக்கி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், ஒரு சத்தம்கூட உனக்குக் கேட்கவில்லையா என்று. தூங்கிவிட்டேன், எதுவும் கேட்கவில்லை என்றாள். முதல் ஆளிடம் சொன்னதை மாற்றாமல் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகிவிட்டது.

அடுத்த வருஷம் வெயில் ஏறிய முதல் ஞாயிறு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் சரக், சரக். கத்தியைக் கீழே வைத்தாள். “இங்க கொஞ்சம் வா.” மிரட்டலாக இல்லை, கோபமாகவும் இல்லை. வீட்டு மனுஷன் வீட்டு மனுஷியைக் கூப்பிடும் குரல். அதனால்தான் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது.

அந்தக் கோடையில் அவள் வீட்டில் இருந்த பகலெல்லாம் அது வந்தது. எந்த நாளும் இரண்டு தரம்தான் கூப்பிடும். வெயில் இறங்கிக் காற்றில் குளிர் தட்டியதும் நின்றுபோனது. அதற்கப்புறம் குளிர்காலம் என்றால் அவளுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. குழாய்த் தண்ணீர் கையைச் சுடாமல் வரும் முதல் காலைக்கும், உதடு வெடிக்கும் முதல் நாளுக்கும் காத்துக் கிடப்பாள். ஒரு மாதம் முன்னதாகவே கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலி முதுகில் போட்டு வைப்பாள். இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கிறது, இதற்குள் கம்பளியா என்று அண்ணி முறைப்பார்.

கோடை ஞாயிறுகளில் பட்டறைக்குப் போய்விடுவாள். விடுமுறை நாளிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்ய என்னிடம் ஓர் ஆள் இருக்கிறாள் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மாடிக்கு அவள் போனதே இல்லை. துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டிக்கொண்டாள். மிச்ச மாடியை அடித்துத் தருகிறேன் என்று வந்த பெயிண்டரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

இப்படியே தள்ளியிருக்கலாம். நாலாவது கோடையில் பட்டறையின் ஒயரிங் புகைந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டும், பத்து நாள் வராதீர்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் நாள் பதினொரு மணிக்கே அவள் கீழே இறங்கி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணிக்கு அந்த நேரத்தில் ரேடியோ வேண்டும். தெருக்கோடி வரை கேட்கும்படி வைப்பார். முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது மந்தமாகிவிட்டது என்று பல்லக்கா நினைத்திருந்தாள். எப்போதும் எரிச்சலூட்டிய சத்தம் இப்போது கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. அதற்குள் பத்திரமாக உட்கார்ந்து பட்டாணி உரித்தாள், கீரை ஆய்ந்தாள். நாள் தவறாமல் இவள் வந்து உட்காருவதைப் பார்த்து, உனக்கு என் மேல் திடீரென்று பாசம் பொங்குகிறதே என்றார் அண்ணி. ஐந்து நாள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் கரண்ட் போனது. பாட்டு பாதி வார்த்தையில் அறுந்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த வீட்டின் மாடிப்படி அண்ணியின் சமையலறைச் சுவரை ஒட்டி ஏறுவதால், மேலே பேசுவது படி வழியாக அப்படியே இறங்கி வரும்.

சரக், சரக்.

பல்லக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “இங்க கொஞ்சம் வா.” அவளுக்குப் பக்கத்தில் பட்டாணி உரியும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணியின் விரல்கள் பாதி பிளந்த பட்டாணியில் அப்படியே இருந்தன. கண்கள் கூரையில் இருந்தன. பிறகு அண்ணி கையை நீட்டி, கரண்ட் இல்லாத ரேடியோவின் திருகைக் கடைசி வரை திருகினார்.

இரண்டாவது தரமும் கேட்டு ஓய்ந்த பிறகுதான் பல்லக்காவுக்கு வாய் வந்தது.

“உங்களுக்கும் கேக்குதா அண்ணி?”

“கரண்ட் எப்ப வரும்னு தெரியல” என்றார் அண்ணி.

“அண்ணி.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “நாலு வருஷமாக் கேக்குது” என்றார். “அன்னிக்கும் கேட்டுச்சு. உன்னைத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன். ராத்திரி நீங்க சண்டை போட்டது கீழ வரைக்கும் வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன். ஆபீசுல யாரு கூப்பிட்டாலும் மூணாவது மணி அடிக்குறதுக்குள்ள எடுக்குறதுதான் என் வேலை. ஒரு நாள் தப்பினதில்ல.” முந்தானையை மடியில் போட்டார். “நீ தூங்கிட்டேன்னு சொன்னப்பதான் எனக்கு உசுரே போச்சு. அப்போ அவன் கூப்பிட்டது என் ஒருத்தி காதுலதான் விழுந்திருக்கு. நான்தான் போயிருக்கணும்.”

அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அண்ணி அதைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்திருப்பார். பல்லக்காவின் கண்ணுக்கு அந்தக் கணத்தில் அண்ணி ரொம்பச் சிறியவராகத் தெரிந்தார்.

“நான் தூங்கல அண்ணி” என்றாள். “ரெண்டு தடவையும் கேட்டேன். வீம்புக்குப் போகல.”

அண்ணி அவளைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அண்ணி பட்டாணிக் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கரண்ட் வந்தது. ரேடியோ முழுச் சத்தத்தில் அலறியது. யாரும் வந்து அணைக்காததால் பல்லக்காவே அணைத்துவிட்டு மேலே போனாள்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. ரேடியோவும் இல்லை. குரல் மட்டும் பதினொன்றரைக்கு வந்து போனது. அவள் வைத்த சாப்பாட்டை அண்ணி எடுத்துக்கொண்டார், பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்தார், முகத்தைக் காட்டவில்லை.

ஒன்பதாம் நாள், முதல் தரம் குரல் கேட்டதும் அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் அடியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், மேலே ஏறி வருஷக்கணக்காகிறது. ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறினார். இவள் இறங்கிப் போய்க் கையைக் கொடுத்தாள். அண்ணி அவளைப் பார்க்காமலே கையைப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் யாரும் இல்லை. வெளிச்சம் கண்ணை அறைந்தது. தரையில் பாதி வெள்ளை, பாதி சாம்பல். வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பிரஷ் நேராகப் போகாமல் வளைந்து, மெலிந்து, தரையோடு தரையாக முடிந்திருந்தது. அண்ணி அந்த இடத்துக்கு முன்னால் நின்று, “வந்துட்டோம்டா” என்றார். உள்ளங்கால் பொறுக்காமல் போகும் வரை இருவரும் நின்றார்கள். இறங்கும்போது அண்ணி ஒரே ஒரு வார்த்தை பேசினார், நாளைக்குச் செருப்புப் போட்டுக்கொள் என்று.

மறுநாளும் குரல் வந்தது. அவர்கள் வந்து போனது கூப்பிடுகிறவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

பட்டறை திறந்தார்கள். வெயில் தன் பாட்டுக்குக் காய்ந்து, தன் பாட்டுக்குத் தணிந்தது. உதடு வெடித்தது. நாற்காலி முதுகில் கிடந்த கம்பளிக்கு வேலை வந்தது. பட்டறையில் பற்கள் நட்ட இடத்தில் நின்றன. இத்தனை மாதம் ஏங்கிக் கிடந்த குளிர் வந்தேவிட்டது. முதல் குளிர் ஞாயிறு, பதினொன்றரை மணி. அவள் கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. மற்ற வருஷங்களில் இந்த அமைதியில் நிம்மதியாகத் தூங்குவாள். இந்தத் தடவை உட்காரவே முடியவில்லை.

தனியாக மாடிக்குப் போனாள். தரை ஜில்லென்று இருந்தது. வெள்ளை முடியும் இடத்தில் நின்றாள். என்ன நினைத்தாளோ, உரக்க இல்லாமல், “இங்க கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள்.

காத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்துவிட்டுப் போனது. ஒரு தரம் கூப்பிட்டு, ஆள் வராமல், இன்னொரு தரம் கூப்பிடுவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. “இங்க கொஞ்சம் வாங்க” என்றாள். குரல் அவளையறியாமல் இறங்கித்தான் வந்தது.

படியில் காலடி கேட்டது.

ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காலடி மேலே வந்து, மூச்சு வாங்கி, நின்றது.

“எதுக்குக் கூப்பிட்டே?” என்றார் அண்ணி.

கையில் மாவு ஒட்டியிருந்தது. பாதி வேலையில் வந்திருந்தார். பல்லக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களைக் கூப்பிடல அண்ணி.”

“தெரியும்” என்றார் அண்ணி. “அதுக்குன்னு வராம இருக்க முடியுமா?”

முழங்கால் மடங்க மறுத்ததால் அண்ணியை உடனே இறக்க முடியவில்லை. பல்லக்கா கீழே போய் அடுப்பை அணைத்துவிட்டு, இருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, தன் கம்பளியையும் கொண்டுவந்தாள். இருவரும் அதைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். தம்பிக்குச் சின்ன வயசில் எவ்வளவு சோறு போட்டாலும் பற்றாது என்று அண்ணி சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடையிலும் அந்தக் குரல் வந்தது. பல்லக்கா இப்போதும் வெயிலைத் திட்டுகிறாள், குளிருக்கு நாள் எண்ணுகிறாள், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போய் வருகிறாள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அண்ணி படிக்கட்டில் முடிந்த மட்டும் ஏறி, பாதியில் நின்று, வரேன்டா, வந்துட்டே இருக்கேன் என்று சொல்கிறாராம்.